சுடப்பட்ட இராணுவத் தோட்டாக் கூடுகள்: அமெரிக்காவில் வாங்கி, பிரித்து, விற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

டெக்சஸில் ஒரு பழைய உலோக வியாபாரியிடமிருந்து 5 கேலன் வாளி நிறைய 5.56 மி.மீ. வெற்றுக் கூடுகளை, 48 பவுண்டு எடைக்கு, பவுண்டுக்கு 3 டாலர் வீதம் 144 டாலர் கொடுத்து வாங்கி வந்தபோது, ஒரு வாரத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். முதலை எடுக்க நான்கு மாதம் ஆயிற்று. வாளியின் அடியில் எஃகுக் கூடுகள் கிடந்தன, வேறு அளவுத் தோட்டாக்களின் கூடுகள் கிடந்தன, வாய் பூப்போல மடிந்த, குண்டில்லாத ஒத்திகைத் தோட்டாக்கள் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, சுடப்படாத முழுத் தோட்டாக்கள் மூன்று கிடந்தன. அந்த நான்கு மாதத்தில் நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். கூடுகளை வாங்கி, சுத்தம் செய்து, மறுநிரப்பல் செய்வோருக்கு, அதாவது சுட்ட கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் ஏற்றிக்கொள்வோருக்கு, விற்பதோடு இந்தக் கட்டுரை நின்றுவிடும். வெடிமருந்தின் அளவு, குண்டின் தேர்வு ஆகியவற்றுக்கு அச்சிட்ட ரீலோடிங் கையேடுகள் இருக்கின்றன. அவற்றைத் தவிர வேறு யார் சொல்வதையும், என்னையும் சேர்த்து, நம்பாதீர்கள்.

1. முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

இது துப்பாக்கி அல்ல, வெறும் பித்தளைதானே என்று நினைப்பதுதான் நம்மவர்கள் விழும் முதல் பள்ளம். அமெரிக்கக் கூட்டரசின் துப்பாக்கிச் சட்டம் ‘அம்யூனிஷன்’ என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில் முழுத் தோட்டா மட்டுமன்றி, தோட்டாக் கூடு, பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), குண்டு, மருந்து ஆகிய நான்கும் தனித்தனியாகவே அடங்கும். அதே சட்டம், குடியேற்றமல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ அம்யூனிஷனோ வைத்திருப்பதைத் தடை செய்கிறது. எச்-1பி, எஃப்-1 ஆகியவை அந்த வகை விசாக்களே. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களை இந்தத் தடை கட்டுப்படுத்தாது.

சுட்டுமுடித்த கூடு, சுடாத புதுக் கூடு என்று அந்த வரையறை பிரித்துப் பேசுவதில்லை. எனவே எச்-1பியில் இருக்கும் ஒருவர் சனிக்கிழமை சுடுகளத்தில் பொறுக்கிய ஒரு பையைத் தன் அடுக்குமாடி வீட்டு அலமாரியில் வைப்பதற்கு முன்பு, வேட்டை உரிமம் எடுக்கட்டும், இல்லையேல் ஒரு வழக்கறிஞரிடம் கேட்கட்டும். நானும் எச்-1பியில் இருந்த ஒரு நண்பரும் சேர்ந்து பொறுக்கிய முதல் பை அவர் வீட்டில்தான் இரண்டு வாரம் இருந்தது. இந்த விதி தெரியவந்த அன்றிரவே அதை என் கார் கொட்டகைக்கு மாற்றினோம். குடியேற்றக் கோப்பில் ஒரு கீறல் விழுந்தால் அதன் விலை 144 டாலர் அல்ல.

மாநிலச் சட்டங்கள் தனி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வரையறையிலும் வெற்றுக் கூடு அம்யூனிஷனுக்குள் வருகிறது. அங்கே அதற்கு உரிய அட்டை வேண்டும். வாஷிங்டன் டி.சி.யும் கெடுபிடியான இடம். இந்த இரண்டு இடங்களிலும் வசிப்பவர்களும், அங்கே அனுப்ப நினைப்பவர்களும், உள்ளூர் விதியைப் படிக்காமல் ஒரு கூட்டையும் அசைக்கக் கூடாது.

2. விற்பதற்கு உரிமம் எப்போது வேண்டும்

வெற்றுக் கூடுகளைப் பொறுக்கிப் பிரித்து விற்பதற்குக் கூட்டரசு உரிமம் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கூட்டில் பிரைமரும் மருந்தும் குண்டும் ஏற்றி, முழுத் தோட்டாவாக்கி, இலாபத்துக்காக விற்கத் தொடங்கினால் நீங்கள் உற்பத்தியாளர் ஆகிவிடுகிறீர்கள். அதற்கு 06 வகை உரிமம் வேண்டும். துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் கூட்டரசு அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் படிவம் 7-இல் விண்ணப்பிக்க வேண்டும், மூன்றாண்டுக்குக் கட்டணம் 30 டாலர். கட்டணம் அற்பமாகத் தெரிவதால் பலர் துள்ளிக் குதிக்கிறார்கள். அதன் பின்னால் 11 சதவீத உற்பத்தி வரியும், காப்பீடும், ஆய்வுக்கு வரும் அதிகாரியும், தவறாக நிரப்பிய ஒரு தோட்டாவால் வரக்கூடிய வழக்கும் நிற்கின்றன. உங்கள் சொந்த உபயோகத்துக்கு மறுநிரப்பல் செய்துகொள்ள உரிமம் தேவையில்லை. நண்பருக்குப் ‘பொருட்செலவு மட்டும்’ வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்று இறங்காதீர்கள்.

வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை பெற்றவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ விற்பதும் குற்றம். நேரில் விற்கும்போது நான் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து, வயதை உறுதி செய்துகொண்டு, தேதியையும் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இதைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

3. சரக்கு எங்கிருந்து வரும்

இராணுவக் கூடு என்று சந்தையில் விற்கப்படுவதில் பெரும்பகுதி மிசூரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரில் இருக்கும் லேக் சிட்டி ஆலையில் பிறந்தது. படைத்தளங்களில் சுடப்பட்ட கூடுகள் டிஃபென்ஸ் லாஜிஸ்டிக்ஸ் ஏஜென்சி (டி.எல்.ஏ., பாதுகாப்புத் துறையின் தளவாட அமைப்பு) போன்ற அரசு வழிகளில் பெருந்தொகுதிகளாக விற்பனைக்கு வருகின்றன. அங்கே நேரடியாக வாங்க நினைத்தால், பொருள் யாருக்கு, எதற்கு என்று உறுதியளிக்கும் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழை, அதாவது டி.எல்.ஏ. 1822 படிவத்தை, நிரப்பித் தரவேண்டியிருக்கும். வாங்கிய சரக்கை ஏற்றிவர லாரியும் வேண்டும். புதியவருக்கு அது பொருந்தாது. அங்கே வாங்கிப் பிரித்து விற்கும் இடைநிலை வியாபாரிகளிடம் ஆயிரம் ஆயிரமாக வாங்குவதே நல்லது.

இரண்டாவது வழி சுடுகளம். தரையில் விழுந்த கூடு யாருடையது என்பது அந்தந்தக் களத்தின் விதி. சில இடங்களில் நீங்கள் சுட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சில இடங்களில் தரையைத் தொட்டதெல்லாம் களத்துக்குச் சொந்தம். வாய்மொழியாகக் கேட்டால் போதாது, பலகையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். படைத்தளத்தின் சுடுகளத்தில் கிடப்பதை எடுத்துவருவது, அது ஒரு கைப்பிடியே ஆனாலும், அரசுச் சொத்தைத் திருடியதாகவே கொள்ளப்படும். தளத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் மலிவாகத் தருகிறார் என்றால், அவரிடம் விற்பனைச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கைகூப்பி விடைபெறுங்கள்.

மூன்றாவது வழி, நான் வாங்கியது போல, பழைய உலோகக் கடை. அங்கே எடை மட்டும்தான் கணக்கு. தரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ஒரு மனக்கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: 5.56 கூடு ஏறத்தாழ 6 கிராம், எனவே பவுண்டுக்கு 75 அளவில் வரும், 7.62 நேட்டோ கூடு 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு, பவுண்டுக்கு 39 அளவில் வரும். வாளியில் எத்தனை இருக்கின்றன என்று வியாபாரி சொல்லும் எண்ணைவிட இந்தக் கணக்கு நம்பகமானது. ஆனால் என் 48 பவுண்டுக்கு 3,600 வரவேண்டிய இடத்தில் விற்கத் தகுந்தவை 2,140 மட்டுமே தேறின.

4. முழுத் தோட்டாவைத் தேடி எடுப்பது

வேறு எந்த வேலைக்கும் முன்பாக இதைச் செய்யுங்கள். வெள்ளைத் துணி விரித்த மேசையில், ஒரு நேரத்தில் இருநூறு கூடுகளுக்கு மேல் கொட்டாமல், ஒவ்வொன்றின் வாயையும் பாருங்கள். சுடப்படாத தோட்டா எடையிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் ஆயிரம் கூடுகளுக்கு நடுவே கை மரத்துப்போன பிறகு எடை தெரியாது. பிரைமரையும் பாருங்கள்: நடுவில் குத்துப் பள்ளம் விழாத பிரைமர் உயிருள்ள பிரைமர். அப்படிப்பட்டதைக் கழற்ற முயலாமல் தனியே வையுங்கள். முழுத் தோட்டாக்களையும் அவற்றோடு சேர்த்து, உங்கள் சுடுகளத்தில் ஏற்பார்களா என்று கேளுங்கள். என்னுடைய மூன்றையும் நான் போகும் களத்தின் பொறுப்பாளர் ஒரு சொல்லும் பேசாமல் வாங்கித் தன் மேசைக்கடியில் இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டார். அவருக்கு அது வாரந்தோறும் நடப்பது.

5. பிரிப்பது: பணம் இருக்கும் இடம்

இந்தத் தொழிலில் கூலி தருவது பிரிக்கும் வேலைதான். மெருகேற்றிய கலவைச் சரக்கைவிட, அழுக்கோடு இருந்தாலும் சரியாகப் பிரித்த சரக்குக்கே நல்ல விலை கிடைக்கிறது.

முதலில் காந்தம். காந்தத்தில் ஒட்டுவது எஃகுக் கூடு. மறுநிரப்பலுக்கு அதை யாரும் வாங்கமாட்டார்கள். பித்தளை நிறத்தில் பூச்சு பூசிய எஃகும் உண்டு, கண்ணை நம்பாதீர்கள். ஒட்டாத வெள்ளிநிறக் கூடுகளில் அலுமினியமும் இருக்கும்; அதுவும் ஆகாது.

அடுத்து அடிமுத்திரை, அதாவது ஹெட்ஸ்டாம்ப். கூட்டின் அடிவட்டத்தில் எல்.சி. என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இரண்டு இலக்க ஆண்டும் இருந்தால் லேக் சிட்டி. வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி இருந்தால் நேட்டோ தரத்தில் செய்யப்பட்டது. டபிள்யூ.சி.சி. என்றால் வெஸ்டர்ன் கார்ட்ரிஜ் நிறுவனம். அறுபதுகள், எழுபதுகளின் 7.62 சரக்கில் மினசோட்டாவின் ட்வின் சிட்டீஸ் ஆலையின் டி.டபிள்யூ. முத்திரையும் வரும். ஒரே ஆலை, ஒரே ஆண்டு என்று பிரித்த ஆயிரத்துக்கு, துல்லியத்தைத் தேடும் வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுப்பார். ஆலை மட்டும் பிரித்த ஆயிரம் அதற்கு அடுத்தபடி. கலவை கடைசி.

மூன்றாவதாக, கூட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியின் நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை. அமெரிக்காவில் கிடைக்கும் சாதாரணக் கருவிகளால் அதன் பிரைமரைத் தள்ளி எடுக்கலாம். நடுவைவிட்டு விலகி இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன் வகை. சோவியத் வழிவந்த 7.62×39 பித்தளைக் கூடுகளில் இதுவே பொதுவானது, ஜெர்மனியின் டி.ஏ.ஜி. முத்திரை கொண்ட 7.62 நேட்டோ கூடுகளும் பெர்டனே. பார்க்காமல் பிரைமர் தள்ளும் கம்பியை இறக்கினால், துளையே இல்லாத நடுவில் குத்திக் கம்பி முறியும். ஒரே மாலையில் இரண்டு கம்பிகளை முறித்த பிறகுதான் டார்ச்சைக் கையில் எடுத்தேன்.

பழைய .30-06 அளவுத் துப்பாக்கிக் கூடுகள் கிடைத்தால் மகிழ்ச்சியடையும் முன் ஆண்டைப் பாருங்கள். 1950களின் தொடக்கம் வரை அந்த அளவுக்கான அமெரிக்க இராணுவத் தோட்டாக்களில் அரிக்கும் உப்பை விட்டுச்செல்லும் பிரைமர்கள் பரவலாக இருந்தன. சுட்டவர் அன்றே கழுவாமல் விட்டிருந்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்டவற்றைப் பழைய பித்தளையாகவே விற்றுவிடுங்கள்.

6. கழுவுவது

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் குத்துவிளக்கைப் புளிபோட்டுத் தேய்த்த நினைவு இருக்கும். அந்த நினைவை இங்கே கொண்டுவராதீர்கள். புளிப்பு எதுவாயினும் அதிக நேரம் ஊறினால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய், மேற்பரப்பில் செம்பு மட்டும் மிஞ்சி, கூடு இளஞ்சிவப்பாகிவிடும்; அதைப் பார்த்த வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார். அம்மோனியா கலந்த பளபளப்பு திரவங்கள் அதைவிட மோசம்: அவை பித்தளையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கக்கூடும்.

சுழலும் பீப்பாயில் வெந்நீர், சிறிது பாத்திரம் கழுவும் திரவம், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், துருப்பிடிக்காத எஃகு ஊசிகள் ஆகியவற்றோடு இரண்டு மூன்று மணிநேரம் ஓடவிட்டால் போதும். சோளத்தண்டுத் தூளில் உலர்வாக உருட்டும் முறை மலிவானது, ஆனால் எழும் தூசியில் பிரைமரின் ஈயம் இருக்கும். அதை வீட்டுக்குள் செய்யக் கூடாது. கார் கொட்டகையில் கதவைத் திறந்துவைத்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து செய்யுங்கள். சமையலறை வடிகட்டியையும் சாதக் கரண்டியையும் இதற்கு எடுத்தால் பிறகு அவை சமையலறைக்குத் திரும்பக் கூடாது. என் மனைவியின் பெரிய இட்லிப்பானை இன்றும் கொட்டகையில்தான் இருக்கிறது. அதற்கு ஈடாகப் புதுப்பானை வாங்கிய செலவையும் போட்ட முதலோடு சேர்த்துக்கொண்டேன்.

7. குறைகளைத் தேடுவது

கூட்டின் அடியிலிருந்து ஏறத்தாழ கால் அங்குலத்துக்கு மேலே, சுற்றிலும் மெல்லிய ஒளிவட்டம் ஒன்று தெரிந்தால், அந்த இடத்தில் சுவர் மெலிந்திருக்கிறது என்று பொருள். அடுத்த முறை சுடும்போது தலை தனியே கழன்றுவிடலாம். காகிதக் கவ்வி ஒன்றை நிமிர்த்தி, நுனியைச் சற்றே வளைத்து, உட்சுவரில் மேலும் கீழுமாகத் தடவினால், மெலிந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கும். எம்240 இயந்திரத் துப்பாக்கியில் சுடப்பட்ட 7.62 கூடுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்; அதன் அறை தாராளமானது, கூடு நன்றாக நீண்டே வெளியே வரும்.

கழுத்துப் பகுதியில் நீலமும் பழுப்புமாகத் தீப்பட்டதுபோல் இருக்கும் நிறத்தைக் குறை என்று எண்ணிப் பல புதியவர்கள் நல்ல சரக்கைத் தள்ளிவிடுகிறார்கள். அது ஆலையில் கழுத்தை இளக்கியதன் அடையாளம். இராணுவ ஆலைகள் அதை மெருகேற்றி மறைப்பதில்லை. மாறாக, வாய் பிளந்தவை, கழுத்து வெடித்தவை, அடிவிளிம்பு பிய்ந்தவை ஆகியவற்றுக்கு மன்னிப்பில்லை. வாய் சற்று நசுங்கியவை பரவாயில்லை. மறுநிரப்பலில் கூட்டுக்கு வடிவம் தரும் டை என்ற அச்சு அதை நிமிர்த்திவிடும்.

8. கிரிம்ப்பை நீங்கள் எடுக்க வேண்டுமா

இராணுவத் தோட்டாவில் பிரைமர் குலுங்கி வெளியேறாதிருக்க, குழியின் விளிம்பைச் சுற்றி உலோகத்தை அழுத்தி மடித்திருப்பார்கள். அந்த மடிப்புதான் கிரிம்ப். பழைய பிரைமரைத் தள்ளிய பிறகும் அந்த மடிப்பு நிற்கும். அதை நீக்காமல் புதுப் பிரைமர் உள்ளே போகாது. இரண்டு வழி: உருண்டையான எஃகுத் தண்டால் விளிம்பை அழுத்தி விரிப்பது ஸ்வேஜ், சீவி எடுப்பது ரீமர். ரீமர் மலிவு, ஆனால் கை ஒரு சுற்று அதிகமாகிவிட்டால் குழி அகன்று கூடு வீணாகும். நான் முதலில் வீணாக்கியவை எண்பதுக்கும் மேல். ஸ்வேஜ் கருவிக்கு 100 டாலருக்கு மேல் ஆகும், கை பழகியபின் மணிக்கு முந்நூறு கூடுகள் முடிகின்றன.

என் முடிவு இது: முதல் ஐயாயிரம் கூடுகளைக் கிரிம்ப்போடேயே விற்றுவிடுங்கள். நான் விற்ற காலத்தில் பிரித்துக் கழுவிய 5.56 லேக் சிட்டி ஆயிரத்துக்கு 75 டாலரும், கிரிம்ப் நீக்கியதற்கு 110 டாலரும் கிடைத்தன. அந்த 35 டாலருக்காக மூன்று மணிநேர உழைப்பும் கருவிச் செலவும் போகின்றன. முதல் வாளியில், எல்லா மணிநேரத்தையும் கூட்டிப் பார்த்தால், கூட்டரசின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர்கூட எனக்கு நிற்கவில்லை.

9. விளம்பரத்தில் என்ன எழுதுவது

‘ஒருமுறை சுட்டது’ என்று எழுதும் உரிமை கிரிம்ப் கலையாத கூட்டுக்கு மட்டுமே உண்டு. கிரிம்ப் நீங்கியிருந்தால் அதை யாரோ ஏற்கெனவே மறுநிரப்பல் செய்திருக்கலாம். எத்தனை முறை என்பது தெரியாது. இரண்டையும் கலந்து ‘ஒருமுறை சுட்டது’ என்று ஒரு முறை அனுப்பி, முழுப் பணத்தையும் அஞ்சல் செலவையும் திருப்பிக் கொடுத்தேன். 7.62 கூடு, அதன் கடைச்சரக்கு வடிவமான .308 கூட்டைவிடப் பெரும்பாலும் சுவர் தடித்தது, உட்கொள்ளளவு குறைந்தது. ஒன்றுக்கு எழுதிய மருந்து அளவை மற்றொன்றுக்கு அப்படியே பயன்படுத்தினால் அழுத்தம் ஏறும். ஆகவே இரண்டையும் ஒரே பையில் கட்டாதீர்கள், பையின் மேல் அடிமுத்திரையை எழுதுங்கள். எண்ணிக்கைக்கு மேல் நூற்றுக்கு இரண்டு கூடுதலாகப் போடுங்கள், புகார்கள் பாதியாகும்.

10. அனுப்புவது

அமெரிக்க அஞ்சல் துறையில் முழுத் தோட்டாவையும், உயிருள்ள பிரைமரையும் அனுப்ப முடியாது. வெற்றுக் கூடுகளை ஒரே கட்டணப் பெட்டியில் அனுப்பலாம். எடை வரம்பு 70 பவுண்டு என்பதால் பித்தளைக்கு அந்தப் பெட்டியைப் போல் இலாபமானது வேறில்லை. நடுத்தரப் பெட்டியில் எனக்கு ஆயிரம் 5.56 கூடுகள் அடங்கின, சுமார் 13 பவுண்டு, செலவு ஏறத்தாழ 20 டாலர். தடித்த பைகள் இரண்டில் கட்டி, பெட்டியின் ஒவ்வொரு விளிம்பையும் நார் கலந்த நாடாவால் ஒட்டுங்கள். சாதாரண நாடாவோடு அனுப்பிய ஒரு பெட்டி பாதிவழியில் வாய்திறந்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கப்பட்டு, 212 கூடுகளோடு போய்ச் சேர்ந்தது. தோட்டா விற்ற பழைய அட்டைப்பெட்டிகளை, மேலே அச்சிட்ட அபாயக் குறிகளோடு, மறுபடி பயன்படுத்தவே கூடாது.

வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பக் கேட்டு மடல் வரும். தோட்டாவின் பாகங்களும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன; பெரும்பாலான நாடுகளுக்கு அனுப்ப வணிகத் துறையின் உரிமம் வேண்டியிருக்கும். நான் பதிலே எழுதுவதில்லை.

கழித்துப்போட்ட கூடுகளை இடுக்கியால் நசுக்கி உலோகக் கடையில் போடுங்கள். டெக்சஸில் அடையாள அட்டையும் வண்டி எண்ணும் கேட்பார்கள், எடுத்துச் செல்லுங்கள்.

11. ஊருக்குப் போகும்போது

சுட்ட வெற்றுக் கூட்டை அமெரிக்க விமான நிலையத்தில் பையில் வைத்துக்கொண்டு கடந்துவிடலாம். சென்னையிலோ திருச்சியிலோ இறங்கும்போது கதை வேறு. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அம்யூனிஷன் என்பதற்குள் தோட்டாவின் பாகங்களும் வருகின்றன. அண்ணன் மகனுக்கு விளையாடக் கொடுக்கலாம், சாவிக்கொத்தில் மாட்டலாம் என்று எடுத்துப் போகாதீர்கள். எடுத்துப் போகும் எண்ணமே இல்லாவிட்டாலும், சூடான கூடுகள் தெறித்து முதுகுப்பையின் பக்க அறையிலும், மழைச்சட்டையின் தொப்பியிலும், கால்சட்டை மடிப்பிலும் விழுந்து தங்கிவிடும். சுடுகளத்துக்கு எடுத்துப் போகும் பையை நான் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். அது கொட்டகையை விட்டு வீட்டுக்குள் வருவதில்லை. பெட்டி கட்டும் நாளில் மற்ற பைகளையும் தலைகீழாகக் கவிழ்த்து, அடியைத் தட்டி, தையல் மடிப்புகளுக்குள் விரல்விட்டுத் துழாவிய பிறகே துணி அடுக்குகிறேன். போன டிசம்பரில், களத்துக்கு ஒருமுறைகூடப் போகாத என் மகளின் பள்ளிப்பையிலிருந்து ஒன்று உருண்டு விழுந்தது.